வடம் இல்லாமல் ஓடிய தேர்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது. அந்த அறைதான் என் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். வேலை செய்யும் ஐந்து பேரும் ஐந்து ஊர்களில் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய படம் அது. தேரோட்டக் காட்சியில் கதாநாயகன் தேர் உச்சியிலிருந்து குதிப்பார். அவர் இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கயிறுகள் திரையில் தெரியாமல் அழிக்க வேண்டும். "கயிறு எல்லாத்தையும் எடுத்துரு" என்று அந்த ஐவரில் ஒருத்தியான கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு எழுதினேன். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் மிச்சக் காட்சிகள் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று படக் கம்பெனியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

பத்தரைக்கு அவள் முடித்த வேலை வந்தது. கதாநாயகன் இடுப்பை மட்டும் பார்த்தேன். கயிறு இருந்த சுவடே இல்லை. அனுப்பப் போகையில், ராஜபாளையம் மில்லுக்குக் கிளம்பிய கணவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, வடத்த எங்க? இம்புட்டு சனமும் வெறுங்கையாலயா தேர இழுக்கு?"

திரையை மறுபடி பார்த்தேன். நூறு பேர் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு அது வடம். அதுவும் ஒரு கயிறுதான் என்று தோன்றியதே இல்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். கண் எங்கே போச்சு, புத்தி எங்கே போச்சு என்று வாய்க்கு வந்தபடி திட்டி அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். கேட்டாள். உடனே போனை அணைத்துவிட்டாள். திருத்தக்கூடிய ஃபைல் அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. முதலிலிருந்து செய்தால் மூன்று நாள் ஆகும்.

பதறிப்போய் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தேன். முந்தின நாள் கேட்டிருக்கிறாள்: "அக்கா, தேர்க் கயிறும் எடுத்தரட்டுங்களா?" அதன் கீழே, சரி என்று நான் போட்ட கட்டைவிரல் குறி. அடுப்படியில் நின்றுகொண்டு, படிக்காமலே அமுக்கியிருக்கிறேன். உடம்பே கூசிப்போனது.

தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு என்று அனுப்பினேன். பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. கணவர் மில்லுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"செத்த பொறு. பேசுவா."

பதினொன்றே முக்காலுக்கு அழைத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"இந்த வேலையே வேண்டாம்னு இருந்தேனுங்க அக்கா. நீங்க சரின்னதாலதான் அழிச்சேன். ஆனா மனசு வரலீங்க. தேர்க் கயிற அழிக்காம விட்டு இன்னொன்னு தனியா வெச்சிருக்கேன். அனுப்பட்டுங்களா?"

உடனே அனுப்பச் சொன்னேன். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் காட்சி போய்ச் சேர்ந்தது. வேலை தப்பியது.

அந்த வருடம் எங்கள் ஊர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு அவளை வரச் சொன்னேன். அன்றுதான் முதன்முதலாக முகம் பார்த்தேன். கூட்டத்தில் வடத்தைத் தொட்டுப் பார்த்து, "இத்தன கனமுங்களா அக்கா?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் முழுக்கப் படித்து வாயைத் திறந்தே பதில் சொல்கிறேன். ஆனாலும் அன்று அனுப்பிய அந்தக் குரல் பதிவை மட்டும் எந்தக் கம்ப்யூட்டராலும் அழிக்க முடியவில்லை.