துண்டம்மாவின் டம்ளர்

துண்டம்மாவுக்கு மாத்திரையை முழுசாக விழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாக்கு நுனியில் வைத்ததுமே தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் கால் வீக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த நீர் மாத்திரையை ஸ்பூனின் முதுகால் நசுக்கித் தூளாக்கி, ஆரஞ்சுச் சாற்றில் கலக்கி, டம்ளரைச் சலவை அறை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே ஒவ்வொரு வாயாகக் குடிப்பாள். மகனின் வாழ்க்கையைக் கெடுத்தது இந்தப் பழக்கம்தான் என்று அவள் நம்பினாள். அவள் மட்டுமா, வீடு நம்பியது, டென்னிஸ் கிளப் முழுக்க நம்பியது.

துண்டம்மா என்பது கிளப் வைத்த பெயர். ஆடுகளங்களுக்குப் பின்னால், கொடகொடவென்று ஓடும் இரண்டு வாஷிங் மெஷின்களுக்கும் ஒரு ட்ரையருக்கும் நடுவில் பாதி ஆயுளைக் கழித்தவள். வியர்வைத் துண்டுகள் ஈரமூட்டையாக வரும், சூடாக, தட்டையாக, அடுக்காகத் திரும்பிப் போகும். மூலை கசங்கியிருந்தால் மறுபடி இஸ்திரி போடுவாள். "வேர்வை துடைக்கிற துணிக்கு எதுக்கும்மா இஸ்திரி?" என்று மேனேஜர் கேட்டால், "மூஞ்சியில படற துணியாச்சே சார். சும்மா கசக்கித் தர முடியுமா?" என்பாள்.

மகன் அந்த அறையின் வெளிச்சுவரில் பந்தடித்து வளர்ந்தவன். சுவர் திருப்பித் தந்த பந்தையெல்லாம் அவனும் சலிக்காமல் திருப்பித் தந்தான். கடைசியில் அவனுக்கே 'சுவர்' என்று பேர் விழுந்தது. எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து திரும்பி வரும். ஆடி முடித்து வியர்க்க விறுவிறுக்க உள்ளே வருவான். டம்ளரில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அண்ணாந்து காலி செய்துவிட்டு, "சர்க்கரையே போடல" என்று குறை வேறு சொல்வான்.

"உனக்குன்னு யாருடா கலக்கி வெச்சா? அது என் எச்சில்!" என்று முதுகில் ஒன்று வைப்பாள் அவள்.

நாடு நாடாகப் பறந்து ஆடத் தொடங்கி, டிவியில் முகம் தெரிந்த பிறகும் ஊருக்கு வந்தால் அவனுக்கு அந்த டம்ளர்தான்.

நடுவில் தோள்பட்டை மோசம் போய் ஒரு வருடம் தோற்றுத் தோற்றுத் திரும்பினான். பிறகு எப்படியோ எழுந்துவிட்டான். மார்பும் தோளும் திரண்டு பழைய சட்டைகள் அக்குளில் பிடித்தன. "இப்பத்தான் சாப்பிடறது உடம்புல ஒட்டுது" என்று பூரித்துப்போனாள் துண்டம்மா. வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பரிசோதனையில் மாட்டினான்.

போனில் அவன் குரல் கம்மியிருந்தது.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. போன தடவை வந்தப்ப உன் ஜூஸை எடுத்துக் குடிச்சேனே, அதுல மாத்திரை கலந்திருந்தியா?"

"எந்த மாத்திரை?"

"கால் வீக்கத்துக்குப் போடுவியே, அது. எங்க ஆட்டத்துல அது கூடாதும்மா. ஊக்க மருந்து எடுக்கிறவங்க அதை மறைக்கிறதுக்கு இதைப் போடுவாங்க. என் மூத்திரத்துல அது இருக்காம்."

துண்டம்மா யோசித்தாள். அவன் வந்துபோனது நினைவிருந்தது. ட்ரையரிலிருந்து துண்டுகளை அள்ளிக்கொண்டு திரும்பியபோது டம்ளர் காலியாக இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"குடிச்சிருப்படா" என்றாள்.

"குடிச்சேம்மா" என்றான் அவன்.

அந்தப் பேச்சோடு டம்ளர் காலியாகிவிட்டது. வக்கீலிடம் சொன்னாள், மேனேஜரிடம் சொன்னாள், புருஷனிடம் அழுதுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல, டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூள்கூட அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

விசாரணைக்குப் போனபோது டம்ளரையும் ஸ்பூனையும் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனாள். யாரும் கேட்கவில்லை, தானாகவேதான் எடுத்துப் போனாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் நின்று மாத்திரையை நசுக்கிக் காட்டினாள். "இப்படித்தாங்க கலக்குவேன். அவன் கேக்காம குடிச்சிருவான். மாட்டுக்கு இருக்கிற அறிவுகூட எனக்கில்லாம போச்சு. தண்டனையை எனக்குக் குடுங்கய்யா" என்று அங்கேயே உடைந்து அழுதாள். வருடக்கணக்கில் தடை வரும் என்ற பேச்சு மாதக்கணக்கில் முடிந்தது.

ஆனால் திரும்பி வந்த சுவர் பழைய சுவராக இல்லை. தோள் மறுபடி சரிந்தது, உடம்பு வற்றியது, முதல் சுற்றிலேயே தோற்றான். கொஞ்ச நாளில் ராக்கெட்டை வைத்துவிட்டு வேறோர் ஊரில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தரப் போய்விட்டான்.

வீட்டில் புருஷன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பஸ் டிரைவர் அவர். மகன் ஆடுவதற்காக இரட்டை ஷிப்ட் ஓட்டி முதுகைத் தேய்த்துக்கொண்டவர். ரிட்டயரானதும் மகன் ஆடின படங்களைக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டினார். அவள் கையால் ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். தன் டீயைத் தானே போடுவார். குடிக்கும் முன் காலி டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்ப்பார். உறவுக்காரர்கள் வந்தால், "இவ கலக்கினதைக் குடிச்சுட்டு எழுந்து நிக்க முடியுமா? கேளுங்க எம்புள்ளைய" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்களும் சிரிப்பார்கள். துண்டம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைப்பாள்.

நீர் மாத்திரையையும் விட்டுவிட்டாள். கால் வீங்கிச் செருப்பு வாரை அறுத்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்ப வெகுநேரமாகும். "செத்துப் போகணும்னு வேண்டுதலா?" என்று டாக்டர் அதட்டியபோது, "மாத்திரை இருக்கிற வீட்டுல நான் இருக்க மாட்டேன் சார்" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான், கிளப்பில் நடந்த ஒரு போட்டிக்கு மகனின் பழைய ட்ரெயினர் வந்தார். சலவை அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? தலையிலதான் ஒண்ணையும் காணோம்."

"எல்லாம் உங்க பையன் கைங்கரியம்" என்று சிரித்தபடி, ஸ்டூலில் கிடந்த துண்டு மூட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். ஊர்க்கதை பேசினார். எழுந்து போகும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "இருந்தாலும் உங்களை மாதிரி ஒரு அம்மாவை நான் பாத்ததில்ல. வக்கீல் ஒரு மாசம் சொல்லிக்குடுத்தாலும் யாருக்கும் அந்த அழுகை வராது. ஸ்பூனோட வந்தீங்க பாருங்க! எனக்கே ஒரு நிமிஷம் ஜூஸ் கதை நிஜமோன்னு தோணிடுச்சு."

துண்டம்மாவின் கை பாதி மடிப்பில் நின்றது. "கதையா?"

ட்ரெயினர் அவள் முகத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லிட்டான்னுல்ல நெனச்சேன்" என்றவர், யாரோ கூப்பிட்டது போல வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கிளப்பில் அவளைப் பார்க்க வந்தவனுக்கு எதிரே, ஆரஞ்சுச் சாற்றை டம்ளரில் ஊற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவன் தொடவில்லை. விசாரணைக்குப் பிறகு அவன் அந்த டம்ளரைத் தொட்டதே இல்லை. பயந்துவிட்டான் பாவம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"குடிடா. மாத்திரை இல்ல. நான்தான் அதை விட்டுட்டேனே."

"விட்டுட்டியா?" அவன் குனிந்து அவள் கால்களைப் பார்த்தான். பார்த்தவன் நிமிரவேயில்லை.

"ட்ரெயினர் வந்திருந்தார்" என்றாள்.

ட்ரையர் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ சட்டைப் பையில் விட்ட பொத்தான் உள்ளே டக் டக்கென்று அடித்தது.

"தோள் போச்சும்மா" என்றான் தரையைப் பார்த்தே. "ஊசி போட்டாத்தான் நிக்கும்னாங்க. உடம்பு ஏறும் ஊசி. அது தெரியாம இருக்கத்தான் அந்த மாத்திரை. ஊசி தெரியல, மாத்திரை தெரிஞ்சிடுச்சு."

"மாத்திரை ஏது?"

"உன் டப்பாவுல எடுத்ததுதான்." கொஞ்சம் பொறுத்து, "மாட்டினா சொல்றதுக்கு ஒரு வழி இருக்கும்னு" என்றான்.

அவளுக்கு அடிக்கலாம் போலிருந்தது. முப்பதைத் தாண்டிய அந்த முதுகு வற்றி, எலும்பு தெரிந்தது.

"அப்போ நீ அந்த ஜூஸைக் குடிக்கவேயில்ல."

"இல்லம்மா."

"குடிச்சிருந்தா சர்க்கரை இல்லன்னு சொல்லியிருப்பே" என்றாள். "அன்னைக்கு நீ அதைச் சொல்லல. எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

அவன் அழுதான். அவள் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். புதிதாக இஸ்திரி போட்டது. "அப்பாகிட்ட நான் சொல்லிடறேம்மா" என்றான் முகத்தை மூடிக்கொண்டே. "சரி, சொல்லு" என்றாள் அவள். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, அப்பாவைப் பார்க்காமலேயே அவன் ஊருக்குக் கிளம்பிப் போனான்.

வீட்டில் அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். துண்டம்மா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வார் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. எதிர்ச்சுவர் முழுக்க மகன். ஒரு படத்தில் வாயைத் திறந்து கத்துகிறான், ஜெயித்த நாள். அவர் அந்தப் படத்தை மட்டும் வாரம் ஒருமுறை கழற்றித் துடைப்பார்.

டம்ளரை ஜன்னல் பக்கம் சாய்த்து அடியைப் பார்த்தார் அவர்.

"அந்த ட்ரெயினர் கிளப்புக்கு வந்திருந்தானாமே. என்ன சொல்றான்?"

ஒரு வாக்கியம் போதும். சொன்னால் நாளைக்கே அவள் கையால் டீ வாங்கிக் குடிப்பார். அந்தச் சுவரைப் பார்க்க மாட்டார். அவளுக்கு எது வேண்டும் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"என்னத்தைச் சொல்லுவார்? பையன் நல்லா வந்திருக்க வேண்டியவன்னார். நான்தான் கெடுத்தேன்னு."

"பின்னே, பொய்யா சொல்றான்?" என்றபடி அவர் டீயை ஊற்றினார்.

துண்டம்மா காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. அது எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.