மகளைப் பார்க்கப் போன வழியில்

எனக்கு மகள் பிறந்தபோது மனைவி கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில், தன் தாய்வீட்டில் இருந்தாள். எனக்கு ரந்தாவ் ரப்பர் தோட்டத்தில் வேலை. லீவு இரண்டே நாள். முதல் நாள் பொழுதுக்குள் போய்ச் சேராவிட்டால், பிள்ளையைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

இரவல் சைக்கிளில் விடியுமுன் கிளம்பினேன். மலைப்பாதையின் உச்சியைத் தாண்டியதும் முன்சக்கரம் பஞ்சராகிவிட்டது. ஒட்டுப்போட ரப்பர் துண்டு வைத்திருந்தேன், பசைதான் இல்லை. சுற்றிலும் ரப்பர் மரங்கள். மரத்தில் வடிவதை நாங்கள் பால் என்போம். பசைக்குப் பதிலாக அது கொஞ்சம் கிடைத்தால் போதும். அருகிலிருந்த மலாய்க்கார வீட்டு வாசலில் நின்று, பாலுக்கு எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லை, "சூசு" என்றேன்.

அந்த வீட்டு அம்மாள் ஒரு குவளை ஆட்டுப்பால் கொண்டுவந்தார். மறுக்கக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன். "லாகி?" என்று இன்னும் வேண்டுமா எனக் கேட்டார். நான் டியூபைத் தூக்கிக் காட்டி, மரத்தைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மரத்துப்பாலை அவரே கொண்டுவந்தார். எங்கே போகிறாய் என்று சைகையில் கேட்டார். "அனாக்" என்று சொல்லி, பிள்ளையை ஏந்துவதுபோல் கைகளை வைத்துக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒட்டு காயும்வரை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார்.

இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"சைக்கிள்ல வந்தீங்களா, சைக்கிளத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

"கையெல்லாம் அழுக்கு" என்று தயங்கினேன்.

"அவ அப்பாகிட்டதானே வர்றா" என்று மகளை என் கையில் வைத்தாள்.