கடலுக்குப் போட்ட தையல்

பெருங்கடல் நடுவே கிடக்கும் அந்தத் தீவில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அந்தத் தையல்காரியைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டேப்பக்கா என்றால் கைபிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். சமைக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். புதுக் கதவு, பக்கத்து வீட்டு நாய், கணவனின் தொப்பை என்று அவள் அளக்காத பொருள் கிடையாது. அளந்து பார்த்ததை நம்புவாள். நம்பிவிட்டால் அப்புறம் யார் வந்து தலைகீழாக நின்றாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

அந்தக் குணம்தான் அவளை மகளிடம் மல்லுக்கு நிற்க வைத்தது.

ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் கடந்து போய்விட்டாள். மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, பிரசவ நேரத்தில் அவன் நடுக்கடலில் இருப்பான். "நீ பக்கத்துல இருந்தாத்தாம்மா எனக்குத் தைரியம்" என்று விமானச் சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வருகிறாயா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்குப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை, லீவு கிடைக்காது. அம்மா தனியாகத்தான் போக வேண்டும். அம்மாவோ முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

காரணம் கடைச் சுவரில் இருந்தது. மகள் பள்ளியில் படித்தபோது ஒட்டிய உலக வரைபடம், தையல் மெஷினுக்கு நேர் மேலே, ஓரம் சுருண்டு, எண்ணெய்க் கறையோடு. இவர்களுடைய தீவு அதன் வலது ஓரத்தில், காகிதம் முடிகிற இடத்தில் ஒரு புள்ளி. மகள் இருக்கும் இடம் இடது ஓரத்தில் இன்னொரு புள்ளி. டேப்பக்கா ஸ்டூல் மேல் ஏறி அளந்து பார்த்திருக்கிறாள். நடுவில் பாலைவனம், பனிமலை, பெயர் வாயில் நுழையாத நாடுகள், எல்லாம் இருந்தன. இத்தனையையும் தாண்டி ஒரு தகர டப்பாவில் பறப்பதா?

"அம்மா, அந்தப் பக்கமா எல்லாம் சுத்தாது. கடல் மேலயே நேரா வந்துரும். அவ்வளவு தூரம் இல்லம்மா" என்று மகள் போனில் கெஞ்சினாள்.

"பரீட்சைப் பேப்பரை ஒளிச்சு வச்சுட்டு இதே குரல்லதான்டி பேசுவே. பக்கம்னா உனக்கு ஏன் இன்னும் நேத்தாவே இருக்கு? எனக்கு ஞாயித்துக்கிழமை விடிஞ்சாச்சு, உனக்கு இன்னும் சனிக்கிழமை. ஒரு நாள் பின்னாடி கெடக்கற தூரம்!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்து டேப்பக்காவே போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க ஊசியில் நூல் ஏறவில்லை.

மறுநாள் கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ரப்பர் பந்து வந்து நின்றது. அதற்குப் பின்னாலிருந்து பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியாரின் குரல் கேட்டது.

"டேப்பக்கா, இந்தப் பந்துக்கு ஒரு உலகம் தச்சுத் தரணும். பிள்ளைங்க உருட்டிப் பாத்துப் படிக்கட்டும்."

கூடவே உலக வரைபடம் அச்சடித்த துணியும் கொண்டுவந்திருந்தார். டேப்பக்கா பந்தின் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டு அளந்தாள். துணியின் அகலமும் கச்சிதமாக அதே அளவு. "பூ, இவ்வளவுதானா? திண்டுக்கு உறை தைக்கற மாதிரிதானே" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

அங்கேதான் சறுக்கினாள். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நூல் ஓட்டிச் சுருக்கி இழுத்துவிட்டு, பக்கத்தை மூட்டுவதற்கு முன் பந்தின் மேல் போர்த்திப் பார்த்தாள். நடுவில் துணி வழவழவென்று உட்கார்ந்தது. மேலே போகப் போகக் கொசகொசவென்று மடிப்பு. ஒரு பக்கம் நீவினால் மறுபக்கம் புடைத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. வட துருவம் சுருக்குப்பை ஆகிவிட்டது, கிரீன்லாந்து அதற்குள் புதைந்தே போனது.

வாத்தியார் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். "தப்பு என்னுதுக்கா. நான் தட்டைத் துணியைக் கொடுத்திருக்கக் கூடாது. உருண்டையைத் தட்டையாக்கணும்னா எங்கயாவது இழுத்துத்தான் ஆகணும். படத்துல மேலயும் கீழயும் இழுத்து விட்டிருக்காங்க. நெசத்துல ஆப்பிரிக்காவுக்குள்ள பத்துக் கிரீன்லாந்தை வச்சாலும் இடம் மிச்சமிருக்கும்."

டேப்பக்கா சுவரை நிமிர்ந்து பார்த்தாள். அதில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. மடிப்புப் பிடிக்காமல் தோளில் சட்டை உட்காராது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள். "அப்போ இத்தனை வருஷமா இழுத்துவிட்ட துணியையா அளந்துட்டு இருந்தேன்?" என்றாள். அவள் நம்பிக்கையில் முதல் தையல் பிரிந்தது அப்போதுதான்.

அடுத்த முறை வாத்தியார் கொண்டுவந்த துணியில் உலகம் நீள நீளமான இதழ்களாக அச்சாகியிருந்தது. இரண்டு நுனியும் கூர், நடுவில் அகலம். பார்த்ததும் அவளுக்குப் பிடிபட்டது. குடைத்துணி வெட்டுகிற கணக்குத்தான் இது. ஒவ்வொன்றாக மூட்டினாள். ஆறுகள் தையலைத் தாண்டிப் பக்கத்து இதழில் போய்ச் சேர்ந்தன. பந்தின் மேல் ஏற்றியபோது ஒரு சுருக்கம் இல்லை. கடைசி ஓரத்தை மட்டும் பந்தின் மேல் வைத்தே கையால் தைக்க வேண்டும். வாத்தியார் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, கீழிருந்து தைத்துக்கொண்டே வந்தாள். அந்த இடம் முழுக்கக் கடல், நீலத்தோடு நீலம்.

பாதி வந்ததும் கை நின்றது. ஊசிக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய புள்ளி. அந்தப் பக்கம் மகளின் புள்ளி.

கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரு சாண், நாலு விரல்.

"சார், நான் ஏதாவது மாத்தி மூட்டிட்டேனா?"

"இல்லக்கா, சரியாத்தான் இருக்கு."

"சுவத்துல இது அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

"காகிதத்துல விரிக்கணும்னா உருண்டையை எங்கயாவது வெட்டணுமே. இந்தக் கடல்ல வெட்டிட்டாங்க. வெட்டின ரெண்டு ஓரத்துல நீங்களும் உங்க பொண்ணும் மாட்டிக்கிட்டீங்க. பக்கத்து வீடுன்னு சொல்ல மாட்டேன், உலகத்துலயே பெரிய கடல் நடுவுல இருக்கு. ஆனா உலகத்தையே சுத்த வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, தையலை விரலால் தடவினார். "நாள் மாறுறதும் ஏறக்குறைய இந்த இடத்துலதான். உருண்டையில நாள்ங்கறதை எங்கயாவது ஒரு இடத்துல தொடங்கித்தானே ஆகணும். தையலுக்கு இந்தப் பக்கம் இன்னிக்கு, அந்தப் பக்கம் நேத்து."

டேப்பக்காவும் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். மகள் ஒரு நாள் பின்னால் கிடந்தது தூரத்தினால் இல்லை. தையலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால்தான். இவ்வளவு பெரிய சங்கதி தன் மடியில் பந்தாகக் கிடக்கிறதே என்று அவளுக்கு வியப்புத் தாங்கவில்லை. மகள் பொய் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதித் தையலை நெருக்கி நெருக்கிப் போட்டாள். வாத்தியார் போவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"ஒரு சாணும் நாலு விரலும்தான்டி. வர்றேன்."

விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்தாள். காலையில் கிளம்பியது முதல் கீழே கடல்தான். எட்டிப் பார்த்தாள், கடல். சாப்பிட்டுவிட்டுப் பார்த்தாள், கடல். அவ்வளவு வேகமாகப் பறந்தும் அந்த ஒரு சாண் முடியவே இல்லை. இதையா நான் ஊசியால் தைத்தேன் என்று நினைத்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாண் அளவே இவ்வளவென்றால் முழுப் பந்தும் எவ்வளவு இருக்கும்? அளக்க முடியாத ஒன்றை அவள் நம்பியது அதுதான் முதல் தடவை.

இறங்கியபோது அங்கே முந்தின நாள் மாலை. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நல்லா இருக்கு கதை. நீ இன்னிக்குக் காலையில கிளம்பி நேத்து சாயந்தரமே போயிட்டியா? அப்ப நேத்து ராத்திரி எனக்குச் சோறு போட்டது யாரு?" என்றார் கணவர்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்துகொண்டிருந்தாள், ஒரு கை இடுப்பில், வயிறு முன்னால் உருண்டு திரண்டு. டேப்பக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவி மகளின் வயிற்றைச் சுற்றிப் போட்டாள்.

"அய்யோ அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி" என்றாள். டேப்புக்குள்ளே என்னவோ ஒன்று எட்டி உதைத்தது. இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தபடி, அளவு என்னவென்று பார்க்க மறந்து நின்றாள்.