ஊர்ப் பங்கு

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி இரண்டு ஓட்டுகிறேன். கல்வராயன் மலைப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டியதில் என்னை மிஞ்ச ஆள் கம்மி. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மலைமேல் ஒரு ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. ஒரு பங்கை ஊர்க்காரர்கள் போட வேண்டும் என்பது திட்டம். போர் போட்டது நான்தான். தண்ணீர் வந்தும் ஊர்ப் பங்கு சேரவில்லை. வீட்டுக்கு வீடு சரிசமமாகப் பிரிப்பார்களாம். கையில் காசில்லாதவர்கள் புளியும் சாமையும் கொண்டுவந்து கொட்டினார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

"இன்னாத்துக்குங்க இந்த மூட்டை முடிச்சு? மொத்தத்தையும் நானே கட்டிடறேன்" என்றேன் கூட்டத்தில்.

ஊர்ப் பெரியவர் தயங்கினார். "எல்லா வூடும் போட்டாத்தாங்க அது ஊர்ப் பொருளு."

"புளி வித்து எப்பங்க கட்டுவீங்க? பேரன் பேத்தி எடுத்த பொறவா?" என்றேன். சிரித்தது நான் மட்டும்தான்.

பணத்தைக் கட்டினேன். தொட்டி எழும்பியது. கள்ளக்குறிச்சியில் ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வைகாசியில் தொட்டியைக் காட்டத் திருக்கோவிலூர்ச் சம்பந்தியைக் கூட்டிப்போனேன். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் பள்ளத்து ஓடையிலிருந்து குடம் சுமந்து ஏறி வந்தார்கள். மோட்டார் நின்று ஒரு மாதமாம்.

"ஒரு மெக்கானிக்கக் கூட்டியாரக் கூடாதா? எல்லாம் கைய கட்டிக்கினா இருந்தீங்க?" என்று கத்தினேன்.

ஒரு அம்மா குடத்தை இறக்காமலே சொன்னார்: "உங்க பொருளாச்சேங்க. நாங்க எப்பிடிங்க கை வெக்கிறது? நீங்க வருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தோம்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அந்தக் குரலில் குத்தலே இல்லை.

"இன்னா சம்பந்தி, ஜமீன்தாரே ஆயிட்டீங்க போலக்குது" என்றார் சம்பந்தி காதோரம்.

நேரே பெரியவர் வீட்டுக்குப் போனேன். "தொட்டி ஊரோடதுங்க. ஊரே ரிப்பேர் பண்ணிக்கட்டும்" என்றேன்.

அவர் யோசித்தார். "அப்ப வூட்டுக்கு வூடு பிரிக்கணும்ங்க."

பழக்கத்தில் என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. அவர் பதறி மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம்ங்க. நீங்க இந்த ஊரு வூடு இல்லீங்களே."

வாசலில் தலை குனிந்து நின்றேன். ஓடைக்கு இறங்கும் பெண்களுக்கு நான் வழியை மறித்துக்கொண்டிருப்பதுகூடத் தெரியவில்லை.

"கொஞ்சம் ஒத்திக்குங்க" என்றார் ஒருத்தர்.

ஒதுங்கினேன்.