பெரியம்மாவுக்கு நான் வாசித்த படம்

வானத்திலிருந்து நெருப்பாக ஏதோ விழத் தொடங்கியதும் பெரியம்மா கேட்ட முதற் கேள்வி, "இவ்வளவு பெரிய ஊரில ஒரு பங்கர்கூட வெட்டேல்லையோ இந்தச் சனம்?" என்பதுதான். ஷெல்லடிக்கு ஒளியப் பதுங்குகுழி வெட்டிப் பழகியவர் அவர்.

தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஆங்கிலப் படம். பறக்கத் தெரிந்த ஆறு பேர். ஆளுக்கொரு நிறத்தில் இறுக்கமான உடுப்பு, ஆளுக்கொரு சக்தி. அவர்களைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன.

பரந்தனிலிருந்து நாலு கட்டைத் தூரம் உள்ளே இருந்த எங்கள் ஊரில் முதலில் டிவிடி வாங்கியது பக்கத்து வீட்டுக்காரர். அவர் கச்சான், அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் பார்க்க வருகிறவர்கள் விதைக் கச்சான் உடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். பருப்பில் நகம் படக்கூடாது, தோல் உரிந்தால் முளைக்காது என்பார். ஆகவே ஒரு கண்ணைப் படத்திலும் மற்றக் கண்ணைச் சுளகிலும் வைத்துத்தான் நாங்கள் உலக சினிமா பார்த்தோம்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவும் அவருடைய தமக்கையான பெரியம்மாவும் பள்ளிக்கூட வயதில் வயலுக்குப் போனவர்கள். எந்தப் பத்திரத்திலும் பெருவிரல்தான் வைப்பார்கள். பெரியம்மாவின் ஒரே மகனை நான் பெரியண்ணா என்று கூப்பிடுவேன். போரில் கடைசியாக இடம்பெயர்ந்தபோது சன நெருக்கத்துக்குள் கையை விட்டு விலகிப் போனவர், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா அவரைத் தேடி ஆட்களைப் பிடித்து எழுதுவித்த மனுக்களுக்கு எங்கெங்கிருந்தோ பதில்கள் வரும். அவற்றை வாசித்துச் சொல்வது என் வேலை. "என்ர மூக்குக்கண்ணாடி இவன்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் நிறையப் பயமும் இருந்தன.

படத்தின் அடியில் தமிழ் எழுத்துகள் ஓடின. பெரியம்மா என்னைப் பக்கத்தில் இருத்தி, "வாசி மோனை" என்றார். நானும் வாசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஆறு பேரில் நீல உடுப்புக்காரனுக்கு ஒரு தம்பி. பறக்கத் தெரியாத சாதாரணப் பையன். கட்டிடம் ஒன்று இடிந்து அவன்மேல் விழுகிறது. நீல உடுப்புக்காரன் தூண்களைத் தூக்கி எறிந்து தம்பியை எடுத்து மடியில் வைக்கிறான். தம்பி கண்ணை மூடுகிறான். இசை நின்றது. என் பக்கத்தில் கச்சான் உடையும் சத்தமும் நின்றது.

நீல உடுப்புக்காரன் வாயைத் திறந்தான். கீழே எழுத்து வந்தது: "என் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே செத்துட்டியேடா, அது என்ன விலை தெரியுமா!"

முன்னால் இருந்த பொடியள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வாய்வரை வந்தது.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா. "தமையன்காரன் என்ன சொல்லுறான்?"

நான் எழுத்தைப் பார்த்தேன். அது போய்விட்டது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது போகவில்லை.

"உன்னை விட்டிட்டுப் போகமாட்டன் தம்பி, நீ எங்க இருந்தாலும் தேடி வருவன் எண்டு சொல்லுறார், பெரியம்மா."

"அதுக்கேன் உதுகள் சிரிக்குதுகள்?"

"அதுகளுக்கு விளங்கேல்லை."

ஒரு பொய்யோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நிமிடமே அந்த நீல உடுப்புக்காரன் தம்பியைத் தரையில் கிடத்திவிட்டு வானத்தில் பறந்து போய்விட்டான்.

"ஐயோ, தேடி வருவன் எண்டவன் விட்டிட்டுப் பறக்கிறானே?"

"டொக்டரைக் கூட்டிவரப் போறார்."

அதற்குப் பிறகு அந்தப் படத்தில் தம்பி என்ற சொல்லே வரவில்லை. சிரித்த பொடியளைக் குறை சொல்லவும் முடியாது. தம்பி செத்த அடுத்த கணமே சிவப்பு உடுப்புக்காரியின் கையிலிருந்து மின்னல் பறக்கிறது, பாலம் ஒன்று முறிந்து ஆற்றுக்குள் விழுகிறது, பச்சை உடுப்புக்காரன் ஒரு பகிடி விட்டுச் சிரிக்கிறான். யாருக்கு நேரம்? நான் மட்டும் எழுத்தில் இல்லாத தம்பியைக் காப்பாற்றிக்கொண்டே போனேன். பகிடி வரும் இடமெல்லாம் தமையன் தம்பியைப் பற்றிக் கேட்டான். எதிரியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ர தம்பி எங்கயடா?" என்றான். எனக்கு வேர்த்து ஓடியது. பொய்யையும் விடமுடியாது, வாய் அசைவுக்கும் பொருந்த வேண்டும்.

கடைசியில், இடிந்த நகரத்தின் நடுவில் ஆறு பேரும் ஒரு கடையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"உவன் சிரிக்கிறானே மோனை," என்றார் பெரியம்மா. அவருடைய குரலில் கோபம் இல்லை. பிழையாக ஏதோ நடந்துவிட்டதோ என்ற பதற்றம்தான் இருந்தது.

"இந்த ஆக்கள் அழக்கூடாது, பெரியம்மா. அழுதால் சக்தி போயிடும். அதுதான் சிரிக்கிறார்."

முன் வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பத்தாம் வகுப்புக்காரி. நான் குனிந்து கச்சானை உடைக்கத் தொடங்கினேன்.

இன்றைக்கும் அப்படியான படங்களை அறை நண்பர்களோடு இருந்து பார்க்கிறேன். கிரகங்கள் வெடிக்கின்றன, ஊர்கள் ஊர்களாக அழிகின்றன. ஒருவன் இன்னொருவனை மடியில் வைத்திருக்கும் இடம் வந்தால் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். இன்னும் இரண்டு செக்கனில் பகிடி ஒன்று வரும் என்று தெரியும். இவ்வளவு பேரைச் சாகவிடத் துணிந்த படக்காரர்களுக்கு, அதைப் பார்க்கிறவனை ஒரு நிமிடம் சும்மா இருக்கவிடத் துணிவில்லாமல் போனது ஏன்? நண்பர்கள் சிரிப்பார்கள். "படம்தானே மச்சான்" என்பார்கள். யாராவது பக்கத்தில் வந்து "என்னவாம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று நான் இப்போதும் அரைக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

அந்தப் படம் பார்த்து மூன்று நாள் கழித்து, குழாயடியில் தண்ணீருக்கு நின்றபோது அது நடந்தது.

"மாமி, அண்டைக்கு இவன் உங்களுக்கு வேற படமெல்லோ காட்டினவன்!" என்றார் அந்த அக்கா. "தம்பியாவது, தேடுறதாவது. அவன் சொன்னது ஜாக்கெட் பழுதாப்போச்சு எண்டு. இவன் கதை வசனம் எழுதி வைச்சிருக்கிறான்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. "மெய்யேடா?" என்று கேட்டார். நான் வாளியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிரம்பிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் வாளியோடு வரிசையிலேயே நின்றேன்.

பொய் சொன்னதற்கு அடி விழும் என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. படத்தை மாற்றி வாசித்தவன் கடிதங்களையும் மாற்றித்தானே வாசித்திருப்பான் என்று பெரியம்மா நினைத்துவிட்டால்? எத்தனை கடிதங்கள்! ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிக் குறைத்ததில்லை. ஆனால் அதற்குச் சாட்சி யார்? அந்தக் கடிதங்களை எல்லாம் அவர் வேறு யாரிடமாவது கொண்டுபோய்த் திரும்ப வாசிப்பிப்பார். ஊரில் இனி எனக்கு முகமில்லை. வாசிக்கத் தெரிந்தவன் என்பதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது?

நாலு நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமினாலும் எனக்குத் திக்கென்றது. "பெரியம்மாவோட என்னடா கொழுவல்?" என்று அம்மா கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பெரியம்மா எங்கள் வீட்டில் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு மண்ணிறக் கடித உறை. அன்று காலையில்தான் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனாராம். வேறு யாரிடமும் காட்டவில்லை. உறை பிரிக்காமலே இருந்தது.

நான் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். பிரித்தேன். பெரியம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்டைக்குப் படத்துக்கு வாசிச்சமாதிரி வாசி, மோனை."

என்னைச் சோதிக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. குழாயடியில் சிரித்தவர்கள் எல்லாரும் முன்னால் நிற்பதுபோல இருந்தது. நிமிர்ந்து நின்றேன். மேலே இருந்த இலக்கத்திலிருந்து தொடங்கினேன்; திகதி, கோப்பு எண், "அம்மணி" என்று ஒன்றையும் விடவில்லை. "தங்கள் மகன் தொடர்பாக இதுவரை எதுவித தகவலும் கிடைக்கப்பெறவில்லை என்பதை அறியத்தருகின்றேன்." மூச்சு விட்டுக்கொண்டேன். "தாங்கள் விரும்பின், மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதற்கான படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது." மரணம் என்ற சொல்லில் நாக்கு இடறப் பார்த்தது. இடறவிடவில்லை. கீழே கையொப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த பதவியையும் வாசித்து முடித்தேன்.

பெரியம்மா கடிதத்தை வாங்கி, நான் பிரித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் பெரியம்மா. அவ்வளவுதான். சத்தியமாய் வேற ஒண்டுமில்லை."

"ம்," என்றார். "வடிவா வாசிக்கிறாய்."

அவர் படலையைத் திறந்துகொண்டு போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை, பெரியம்மாவுக்கு இனி என்னில் சந்தேகமே இல்லை என்று அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் ஐந்து நாளைக்குப் பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.