அத்தையின் வலது கை

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, இடது கைக்காரி. அந்தக் கையை அடக்கி வைக்க எங்கள் வீட்டில் படாத பாடு பட்டார்கள். அத்தை வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் சாஃப்ட்பால் குழுவிலோ அதே கையைக் கொண்டாடினார்கள். பந்தை அடித்தவள் முதலில் ஓடி வந்து தொட வேண்டிய இடமான முதல் பேஸில் நிற்க இடது கைக்காரர்தான் தோதாம். வலது கையில் தோலுறை மாட்டிக்கொண்டு, அடித்தவள் ஓடி வந்து சேரும் முன்னே பந்தைப் பிடித்துவிட வேண்டும். அத்தை பிடித்துவிடுவார்.

எனக்கு எட்டு வயதில் சிங்கப்பூர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஃபேரர் பார்க் திடலில். அப்பாவோ அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலைதான் அத்தையைப் பெண் பார்க்க ஆட்களை வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் நல்ல வேலை. அவருடைய அம்மா வந்து உட்கார்ந்ததுமே, “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பந்து விளையாட்டெல்லாம் வேணாம் லா” என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அத்தை வந்தார். வலது கையில் பெரிய கட்டு. பயிற்சியில் பந்து பட்டு வீங்கிவிட்டதாம். சற்று முன்தான் அம்மா அடுப்படியில் மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டிவிட்டிருந்தார். மேசையில் இருந்த காப்பியை எடுத்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் இடது கையால் நீட்டினார் அத்தை.

 அந்த அம்மா காப்பியை வாங்கவே இல்லை. சற்று நேரத்தில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா குதித்தார். “நல்ல காரியத்துல யாராச்சும் இடது கையால கொடுப்பாங்களா?”

“நான் என்னண்ணே செய்யறது? வலது கையைத் தூக்கவே முடியல.”

அந்தக் காப்பியை அம்மா நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா வரவில்லை. அம்மாதான் என்னைத் திடலுக்கு அழைத்துப் போனார். அத்தை அதே வலது கையைத் தோலுறைக்குள் நுழைத்துக்கொண்டு நின்றார். வந்த பந்தெல்லாம் பட் பட்டென்று அதற்குள் போய் விழுந்தது. அணியில் அத்தையின் பெயரைக் கூப்பிட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். அப்புறம் பல வருடம் சிங்கப்பூருக்கு முதல் பேஸ் அத்தைதான். ஆட்டம் பார்க்க வந்த ஒருவரோடு கல்யாணமும் நடந்தது.

ஆனால் அன்று என் வியப்பெல்லாம் அம்மாவின் மஞ்சள் பற்றின் மேல்தான். அடுத்த வாரமே பள்ளியில் விழுந்து முட்டி வீங்கி வந்து நின்றேன். “அத்தைக்குப் போட்ட அதே மஞ்சப் பத்தைப் போடுங்கம்மா, நாளைக்கே சரியாயிடும்” என்று அடம்பிடித்தேன். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல், வலியோடு நானும் சிரித்து வைத்தேன்.