மூடாமல் விட்ட சாக்கெட்

மன்னார்குடியில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் கம்பெனி, வளைகுடா போகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தரும். முத்துப்பேட்டையிலும் கும்பகோணத்திலும் இருந்த கிளைகள் மோடம் வழியாக எங்கள் சர்வரைக் கூப்பிட்டு, எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று கேட்கும். அந்த சர்வர் புரோகிராமை எழுதியவர் சென்னையிலிருந்து வந்த நிபுணர். இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்தவர். மன்னார்குடி வெயிலிலும் டையைத் தளர்த்த மாட்டார். அந்த டையைத் தவிர அவர் ஒழுங்காகக் கட்டிய எதையும் நான் பார்த்ததில்லை.

புரோகிராம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே கிளைகளில் திரை உறைந்து நின்றது. மதியத்துக்குள் சர்வர் புதிய அழைப்பு எதையும் ஏற்காது. தினமும் இரண்டு முறை அதை அணைத்துப் போடச் சொன்னார் நிபுணர். அதுதான் அவருடைய வைத்தியம். காரணம் கேட்டால், "உங்க ஊரு லைன் அப்படிம்மா. வயக்காட்டுத் தண்ணியில கேபிள் ஊறிக் கெடக்கு. புரோகிராம் என்ன பண்ணும்?" என்பார். முதலாளியும் தலையாட்டுவார்.

லைனைப் பார்த்து வரச் சொல்லி என்னை முத்துப்பேட்டைக்கு அனுப்பினார்கள். உள்ளூரில் பி.எஸ்ஸி. படித்தவளுக்கு அது போதும் என்று நினைத்தார்கள் போல. கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் திரையைக் காட்டினார்.

"பாரும்மா, பதில் முழுசா வந்துடுது. ஒரு எழுத்து விட்டுப்போகல. ஆனா முடிஞ்சுதுன்னு வராம அப்படியே நிக்குது. லைன் கெட்டிருந்தா பதிலும்ல கெட்டிருக்கணும்?"

மூன்று வாரமாக இதையே போனில் சொல்ல முயன்றாராம். நிபுணர் போனையே எடுக்கவில்லை.

மறுநாள் காலை, சர்வருக்குப் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரிலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தேன். நடுவில் டெலிபோன் லைனே கிடையாது. அப்போதும் நின்றது. இந்த ஐந்து நிமிட வேலையை அந்த மேதை செய்து பார்க்கவில்லை.

புரோகிராமைத் திறந்தேன். ஒவ்வோர் அழைப்புக்கும் சர்வர் ஃபோர்க் செய்து தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்கும். பிள்ளை பதில் சொல்லி, சாக்கெட்டை, அதாவது அந்த அழைப்புக்காகத் திறந்த இணைப்பை, மூடிவிட்டுப் போய்விடும். அதே சாக்கெட் தாயான சர்வரிடமும் திறந்திருக்கும். தாயும் மூடினால்தான் மறுமுனைக்கு 'முடிந்தது' என்று போய்ச் சேரும். தாய் மூடவே இல்லை. மூடாதவை குவிந்து, புதிதாக ஒன்றைத் திறக்க இடமில்லாமல் சர்வர் திணறியது. தாயும் மூடும்படி ஒரு வரி சேர்த்து, சர்வரை மறுபடி ஓடவிட்டேன். அதன் பிறகு திரை உறையவே இல்லை.

நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தெரியும்மா. டெஸ்டிங்குக்காக விட்டு வெச்சிருந்தேன்."

"மூணு வாரமாவா சார்?"

அவர் முகம் சிவந்தது. "ஃபோர்க்கெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"நீங்க இல்ல சார்."

அன்று மாலையே முதலாளியிடம், கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நேராக உள்ளே போய், அவர் இருக்கும்போதே நடந்ததைச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். முதலாளி சிரித்தார்.

"ஓடுதுல்ல, விடும்மா. யாரு செஞ்சா என்ன? அவரு பெரிய எடத்துல இருந்தவரு."

அதுவரை முதலாளி மேல் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தேன். அவர் கொடுத்த பாராட்டுக் கடிதத்தோடு நிபுணர் மறுபடி அமெரிக்கா போனார். ஆறு மாதத்தில் நானும் பெங்களூருக்குப் போனேன். அங்கே அந்த நிபுணரைப் போல நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.